ரோமானியரின் எட்டாம் மணி எப்போது?

பழைய ரோமானியரைப் பற்றிய ஒரு புத்தகத்தில் "எட்டாம் மணிக்குக் குளியல், ஒன்பதாம் மணிக்கு விருந்து" என்று படித்துவிட்டு, இவை காலையா இரவா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே பிற்பகல்தான். நீங்கள் படித்த வரியில் தவறில்லை. அதை நம் கடிகாரத்தின் எட்டு, ஒன்பது என்று எடுத்துக்கொண்டதால்தான் காலையா இரவா என்ற குழப்பம் வந்திருக்கும். சூரியன் உதித்ததிலிருந்து மறையும்வரை உள்ள பகலை ரோமானியர் பன்னிரண்டாகப் பங்கிட்டார்கள். ஆறாம் மணி முடியும்போது உச்சிவேளை.

நம் வீடுகளில் ராகு காலம் பார்க்கப் பகலை எட்டாகப் பிரிக்கிறோமே, அதே கணக்குதான். பகல் நீண்டால் மணியும் நீளும். ரோமில் கோடை உச்சத்தில் ஒரு மணி சுமார் 75 நிமிடம், குளிர்காலத்தில் சுமார் 45. அப்படியானால் எட்டாம் மணி கோடையில் ஏறத்தாழ 1.15 முதல் 2.30 வரை, குளிர்காலத்தில் 12.45 முதல் 1.30 வரை.

அதே புத்தகத்தில் ஆறாம் மணி வரும் இடத்தைத் தேடிப் பாருங்கள். மதிய ஓய்வு என்று இருந்தால் கணக்கு சரி. ஸ்பானிய மொழியில் மதியத் தூக்கத்துக்கு உள்ள 'சியெஸ்தா' என்ற பெயரே இந்த ஆறாம் மணியிலிருந்து வந்ததுதான்.

ஆனால் நிமிடக் கணக்கை ரொம்ப இறுக்கிப் பிடிக்க வேண்டாம். கி.மு. 263இல் சிசிலியின் கட்டானாவிலிருந்து ரோமுக்குக் கொண்டுவந்து நிறுத்திய சூரியக் கடிகாரத்தின் கோடுகள் ரோமுக்குப் பொருந்தவே இல்லை. அப்படியும் 99 ஆண்டுகள் அதைப் பார்த்தே நடந்தார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்.