மாநிலப் பிரிப்பு: கேள்வியும் பதிலும்

பெரிய மாநிலங்களைப் பிரிப்பது பற்றி வந்த கடிதங்களில் எட்டை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சில கடிதங்கள் மூன்று பக்கம் ஓடியும் அவற்றில் கேள்வி எதுவும் இல்லை. அவற்றுக்குப் பதிலும் இல்லை.

மாநிலச் சட்டமன்றம் ஒப்புக்கொள்ளாமல் ஒரு மாநிலத்தைப் பிரிக்க முடியுமா? (வாசகர், தஞ்சாவூர்)

முடியும். அரசமைப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, குடியரசுத் தலைவர் மசோதாவைச் சம்பந்தப்பட்ட சட்டமன்றத்துக்கு அனுப்பிக் குறித்த காலத்துக்குள் அதன் கருத்தைக் கேட்க வேண்டும். கருத்துக் கேட்பது மட்டுமே கட்டாயம்; அதன்படி நடப்பது கட்டாயம் அன்று. பம்பாய் மாநிலச் சீரமைப்பை எதிர்த்துத் தொடரப்பட்ட பாபுலால் பராடே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாக்கிவிட்டது. 2014 ஜனவரியில் ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் பிரிப்பு மசோதாவைக் குரல் வாக்கெடுப்பில் நிராகரித்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது. மறுபுறம், உத்தரப் பிரதேசத்தை நான்காகப் பிரிக்க 2011 நவம்பரில் அம்மாநிலச் சட்டமன்றமே நிறைவேற்றிய தீர்மானத்தால் இன்றுவரை எதுவும் நடக்கவில்லை. முடிவு டெல்லியில் எடுக்கப்படுகிறது; அதற்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும்.

அடுத்துப் பிரியப்போகும் மாநிலம் எது? (வாசகர், கரூர்)

ஜோதிடம் என் துறை அன்று.

கோவா, சிக்கிம், இமாசலம், அரியானா ஆகிய சிறிய மாநிலங்கள் எல்லாம் முன்னேறிவிட்டன. இதைவிட என்ன சான்று வேண்டும்? (வாசகர், கோயம்புத்தூர்)

பட்டியல் போடுவதற்கு முன் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டியிருக்கலாம். கோவா எந்த மாநிலத்திலிருந்தும் பிரிக்கப்பட்டதன்று. 1961 வரை போர்த்துக்கீசியர் வசம் இருந்து, பின்னர் ஒன்றியப் பகுதியாகி, 1987இல் மாநிலமானது. சிக்கிம் 1975இல் இந்தியாவுடன் இணைந்த நாடு. உங்கள் பட்டியலில் பாதி இங்கேயே உதிர்ந்துவிடுகிறது. அரியானாவின் வளர்ச்சிக்கு 1966ஆம் ஆண்டுப் பிரிப்பு மட்டுமா காரணம்? பசுமைப் புரட்சிக்கும், டெல்லியின் வாசலிலேயே குர்காவ்ன் அமைந்திருப்பதற்கும் அதில் பங்கில்லையா? எத்தனையோ முறை எழுதியதை மறுபடியும் எழுதுகிறேன்: பிரிந்த பின் வளர்ந்தது என்பது வேறு, பிரிந்ததால் வளர்ந்தது என்பது வேறு.

2000ஆம் ஆண்டில் பிறந்த மூன்று மாநிலங்களில் எது தேறியது? (வாசகி, மதுரை)

நல்ல கேள்வி. சத்தீஸ்கரும் ஜார்க்கண்டும் ஒரே மாதத்தில் பிறந்தவை. இரண்டிலும் கனிம வளமும் பழங்குடி மக்களும் மிகுதி. சட்டமன்ற இடங்கள்கூட ஏறக்குறைய ஒரே அளவுதான், முன்னதில் 90, பின்னதில் 81. சத்தீஸ்கரில் முதல் 23 ஆண்டுகளில் மூன்றே முதலமைச்சர்கள். ஜார்க்கண்டிலோ முதல் 14 ஆண்டுகளுக்குள் மூன்று முறை குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஒரு சுயேச்சை உறுப்பினரே முதலமைச்சராக இருந்தார். முழுப் பதவிக்காலத்தை முடித்த முதல் முதலமைச்சரைக் காண 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே சிறிய மாநிலம் நிலையான ஆட்சியைத் தரும் என்பதும், நிலையற்ற ஆட்சியையே தரும் என்பதும் ஒருசேரப் பொய்யாகின்றன.

உத்தராகண்ட் என்னை அதிகம் யோசிக்க வைத்த மாநிலம். மலைமக்கள் தங்களுக்கென்று கேட்டுப் பெற்ற மாநிலத்தின் தலைநகர் அடிவாரத்து டேராடூனில் அமர்ந்தது. மலைநடுவே உள்ள கைர்சைண் கோடைக்காலத் தலைநகராக அறிவிக்கப்படவே 2020 ஆயிற்று. 2001க்கும் 2011க்கும் இடையில் அல்மோரா, பௌடி கட்வால் ஆகிய மலை மாவட்டங்களில் மக்கள்தொகை கூடவில்லை, குறைந்தது. மாநிலம் கிடைத்த பின்னும் மலையிலிருந்து மக்கள் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

உத்தரப் பிரதேசத்தை ஏன் இன்னும் பிரிக்கவில்லை? (வாசகர், சேலம்)

டெல்லி ஆட்சியையே தீர்மானிக்கக்கூடிய 80 மக்களவை இடங்கள் இருப்பதால்தான். மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் உறுப்பினர் கே.எம். பணிக்கர் 1955 அறிக்கையிலேயே அதைப் பிரிக்கச் சொல்லித் தனிக் குறிப்பு எழுதினார்; அதே ஆண்டில் அம்பேத்கர் அதை மூன்றாக்கச் சொன்னார். அன்றைய மக்கள்தொகை ஆறு கோடிக்குச் சற்று அதிகம். 2011 கணக்கெடுப்பில் 20 கோடி.

இருப்பினும், அங்குள்ள எல்லாக் குறைகளுக்கும் பிரிப்பு மருந்தாகாது. மீரட்டில் இருக்கும் ஒருவர் மேல்முறையீட்டுக்காக அறுநூறு கிலோமீட்டர் கடந்து அலகாபாத் போக வேண்டியிருக்கிறது. அதைவிட லாகூர் அருகில் என்று அங்குள்ள வழக்கறிஞர்கள் சொல்வதுண்டு. இதற்குத் தேவை உயர் நீதிமன்றக் கிளை. நம் தென்மாவட்ட மக்கள் வழக்குக்காகச் சென்னைக்கு ரயிலேறிய காலம் 2004இல் மதுரைக் கிளை திறக்கப்பட்டதும் முடிவுக்கு வந்தது. அதற்காகத் தமிழ்நாட்டைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆந்திராவும் தெலங்கானாவும் பிரிந்து பத்தாண்டுகள் ஆன பிறகும் ஏன் சண்டை போடுகின்றன? சொத்துகளைப் பேசிப் பங்கிட்டுக்கொள்ளக் கூடாதா? (வாசகர், வேலூர்)

"பேசிப் பங்கிட்டுக்கொள்ளட்டும்" என்ற இந்தச் சொற்களைத்தான் நான் சகித்துக்கொள்ள முடியாதவன். அந்த மனப்பான்மையில் எழுதப்பட்ட சட்டமே இச்சண்டையின் வேர்.

2014 சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏறக்குறைய 90 அரசு நிறுவனங்களும், பத்தாவது அட்டவணையில் ஏறக்குறைய 140 பயிற்சி, கல்வி அமைப்புகளும் இடம்பெற்றன. பத்தாவது அட்டவணை அமைப்புகள் இரு மாநிலங்களுக்கும் தொடர்ந்து சேவை வழங்கும் என்றும், எவ்வளவு காலம், என்ன நிபந்தனை என்பதை இரு அரசுகளும் ஓராண்டுக்குள் பேசி முடிவு செய்யும், முடியாவிட்டால் நடுவண் அரசு முடிவு செய்யும் என்றும் எழுதிவிட்டார்கள். யாருக்கு எவ்வளவு என்று எழுதவில்லை. பெரும்பாலானவை ஐதராபாத்தில் இருந்ததால், இருக்கும் இடத்துக்கே சொந்தம் என்றது தெலங்கானா. மக்கள்தொகைப்படி 58க்கு 42 என்றது ஆந்திரா. உயர்கல்வி மன்றத்தின் வங்கிக் கணக்குக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் 2016இல் தீர்ப்பு வாங்க வேண்டியதாயிற்று. டெல்லியில் ஆந்திர பவன் சார்ந்த இருபது ஏக்கரைப் பிரித்துக்கொள்ளவே 2024 மார்ச் ஆகிவிட்டது. உயர் நீதிமன்றம் நாலரை ஆண்டுகள் கழித்துப் பிரிந்தது. கிருஷ்ணா நீரில் 811 டி.எம்.சி.யை 512, 299 என்று 2015இல் தற்காலிகமாகப் பிரித்த ஏற்பாடு இன்றும் தகராறில்தான் இருக்கிறது. போலவரம் அணைக்காகச் சில மண்டலங்களை (நம் வட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகளை) ஆந்திராவுக்கு மாற்றியதில் பத்ராசலம் கோயில் தெலங்கானாவில் நின்றுவிட்டது. கோயில் நிலத்தின் பெரும் பகுதி ஆந்திராவுக்குப் போய்விட்டது.

இது தெலுங்கு மக்களுக்கு மட்டும் நேர்ந்த கதை என்று எண்ணிவிட வேண்டாம். ஓய்வூதியச் சுமையை எந்தக் கணக்கில் பகிர்வது என்று பீகாருடன் ஜார்க்கண்ட் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடியது.

நான் வருவாய்த் துறையில் இருந்தபோது ஒரு மாவட்டம் இரண்டானது. திறப்பு விழா நடந்து, பெயர்ப் பலகை மாட்டிய பிறகுதான் பதிவறைக்குள் நுழைந்தோம். ஒரே கட்டில் இரு மாவட்டக் கிராமங்களின் 'அ' பதிவேடுகளும் (நில விவரப் பதிவேடுகள்) சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. வாய்க்கால் ஒன்றுக்காக நிலம் எடுத்த பழைய கோப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நிலமோ எல்லையின் இருபுறமும் கிடந்தது. இழப்பீட்டுக்காக வந்த முதியவர் ஒருவரை இந்த அலுவலகம் அங்கே அனுப்பியது, அந்த அலுவலகம் இங்கே அனுப்பியது. நான்காவது முறை வந்தபோது அவர் மஞ்சள் பையை மேசைமேல் வைத்துவிட்டு, "ரெண்டு ஊர்க்காரங்களும் சேர்ந்து ஒரு முடிவு சொல்லுங்க சாமி, நான் இங்கேயே படுத்துக்கிறேன்" என்றார். ஒரு மாவட்டத்துக்கே இந்த நிலை. மாநிலத்தைப் பிரிக்கும் மசோதாவில் நிறுவனம், பணியாளர், கடன், நீர் ஆகிய நான்கும் அட்டவணை அட்டவணையாக எழுதி முடிக்கப்படாத வரை, பிரிப்புத் தேதியைக் குறிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கொங்கு மண்டலம் அதிக வரி கட்டுகிறது. தனி மாநிலமானால் அந்தப் பணம் இங்கேயே தங்காதா? (வாசகர், ஈரோடு)

நீங்கள் எண்ணும் அளவுக்குத் தங்காது. வருமான வரியும் நிறுவன வரியும் டெல்லிக்குப் போய், நிதி ஆணையத்தின் சூத்திரப்படி பகிரப்பட்டு வருகின்றன; அந்தச் சூத்திரத்தில் வசதியான மாநிலத்துக்குப் பங்கு குறைவாகவே கிடைக்கும். வரி கட்டிய ஊர் வேறு, அந்த வருமானம் பிறந்த ஊர் வேறாகவும் இருக்கலாம். ஈரோட்டுச் சாலையும் குப்பையும்தான் உங்கள் குறை என்றால், 1993இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் மாநகராட்சிக்குத் தரச் சொன்ன அதிகாரங்களில் எத்தனை கைக்கு வந்திருக்கின்றன என்று முதலில் கேளுங்கள்.

33 கோடிப் பேர் வாழும் அமெரிக்காவில் 50 மாநிலங்கள். 140 கோடிப் பேருக்கு 28 போதுமா? (வாசகர், திருநெல்வேலி)

எண்ணிக்கையைக் கொண்டு ஒப்பிடுவது சோம்பேறித்தனம். அங்கே ஒரு மாநிலத்தைப் பிரிக்க அதன் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும். அவ்வாறு பிரிக்கப்பட்ட கடைசி மாநிலமான மேற்கு வர்ஜீனியா, உள்நாட்டுப் போரின் நடுவே 1863இல் உருவானது. ஒப்பிட்டே தீர வேண்டுமானால் நைஜீரியாவைப் பாருங்கள். 1960இல் விடுதலை பெற்றபோது மூன்று மண்டலங்கள், 1967இல் 12 மாநிலங்கள், 1976இல் 19, 1996இல் 36. அவற்றில் பெரும்பாலானவை சொந்த வருவாயில் நிற்க முடியாமல், மாதந்தோறும் நடுவண் அரசு பங்கிட்டுத் தரும் பணத்தை நம்பியே சம்பளம் போடுகின்றன. அந்தப் பணமும் பெரும்பாலும் எண்ணெய் விற்று வந்தது. விலை சரிந்த 2015இல் பல மாநிலங்களில் ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் நின்றுபோயிற்று.