யாழ்ப்பாணத்தின் இரவு வாழ்க்கை, சுயாதீன இசை பற்றி ஆவணப்படம் எடுக்க வருகிறேன். எங்கே தொடங்கலாம்?

நீங்கள் கொழும்பிலயோ சென்னையிலயோ இருந்து கேக்கிறியள் எண்டு நினைக்கிறன். இங்க இருக்கிற ஆக்கள் "இரவு வாழ்க்கை" எண்டு கேக்கமாட்டினம். ஒன்பது மணிக்குப் பிறகு ரவுணில நாயும் கொத்துரொட்டிக் கடையும்தான் முழிச்சிருக்கும். (ஹோட்டலுகளில பார் இருக்கே எண்டு ஆரும் சண்டைக்கு வரவேண்டாம். இருக்குது. எங்களை வாசிக்கக் கூப்பிட்டதில்லை.)

நான் இருபது வருசமாக் பாட்டுக் கோஷ்டியில ஒக்டபாட் (குச்சியால அடிக்கிற எலெக்ட்ரோனிக் ட்ரம்) வாசிக்கிறன். சினிமாப் பாட்டுத்தான் சோறு போடுது. அதுக்குப் புறம்பா நாலு பேர் சேர்ந்து சொந்தமா ஆறு பாட்டுச் செய்து வச்சிருக்கிறம். அதைக் கேள்விப்பட்டுத்தான் மூண்டு வருசத்துக்கு முதல் ஒரு படக் குழு வந்தது. ஆர் எண்டு சொல்லமாட்டன், அவையும் பிழைக்கத்தானே வேணும்.

முதல்நாள் தேத்தண்ணி குடிக்கேக்க வாய் சும்மா இருக்காமல் ஒரு கதை சொல்லிப்போட்டன். 1990இல யுத்தத்தால கரண்ட் நிண்டபோது எனக்கு எட்டு வயசு. பற்றரி தடை செய்த சாமான். மாமா சைக்கிளைக் கவிட்டு வச்சு, டைனமோவில இருந்து வயர் இழுத்து, நாலு டயோட் போட்டு கசற் றேடியோவுக்குக் குடுப்பார். பெடல் சுத்துறது என்ர வேலை. கை சோர்ந்தால் பாடுறவற்ர குரல் கடா மாடு மாதிரி இழுபடும். வேகமாச் சுத்தினால் றேடியோ எரிஞ்சுபோகும் எண்டு மாமா குட்டுவார். ஒரே சீராச் சுத்தவேணும். லயம் எனக்குப் பிடிபட்டது அப்பிடித்தான். பிறகு இணுவிலில தவில் பழகப் போகேக்க, "முதல் ஆரிட்டப் பழகினனி?" எண்டு வாத்தியார் கேட்டார். சைக்கிளிட்ட எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது.

அவ்வளவுதான், வந்தவைக்கு வேற ஒண்டும் வேண்டாமெண்டு போச்சு. மூண்டு இரவு நான் சறத்தோட குந்தியிருந்து பெடல் சுத்தினன். பக்கத்தில அரிக்கன் லாம்பு. லாம்பு வெளிச்சம் காணாதெண்டு பின்னால ஜெனறேற்றரில பெரிய லைற். படம் வந்தது. சைக்கிள் நாலு நிமிசம், எங்கட பாட்டுப் பதினொரு செக்கன். அதுக்கு மேலயும் ஒராள் ஆங்கிலத்தில யுத்தத்தைப் பற்றிக் கதைக்கிறார்.

யுத்தத்தைக் காட்டக்கூடாதெண்டு நான் சொல்லேல்லை. காட்டத்தான் வேணும். ஆனால் அந்தப் பாட்டு பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டரைப் பற்றினது. பகிடிப் பாட்டு!

சரி, எங்க தொடங்கிறது? கோயில் வீதியில. 1975இல செத்த தவில் தட்சிணாமூர்த்தியின்ர சமாவை (தவில் கச்சேரியை) விடிய விடிய நிண்டு கேட்ட கிழவர்மார் இணுவில், அளவெட்டிப் பக்கம் இன்னும் இருக்கினம், முதல் அவையிட்டப் போங்கோ. எழுபதுகளில பொப்பிசை எண்டு நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆக்கள் எங்கட பேச்சுத் தமிழிலயே பாடிச் சனத்தை ஆடவச்சவை. அதுவும் சுயாதீனம்தான், அந்தச் சொல்லைத்தான் அப்ப ஒருத்தரும் பாவிக்கேல்லை. இப்ப 2007 உச்ச நீதிமன்றத் தீர்ப்போட ஒலிபெருக்கி பொதுவாப் பத்து மணிக்கு நிக்கவேணும். பொலிஸ் அனுமதி எடுத்து, மேடை கட்டி, சவுண்ட் பாத்து முடிய எட்டரை. சொந்தப் பாட்டுக்கு எங்க நேரம்?

இடமும் இல்லை. நல்லூருக்குப் பக்கத்தில ஒரு அறை எடுத்து, சுவரில மெத்தை அடிச்சுப் பழகிக்கொண்டிருந்தம். வீட்டுக்காரர் அதை வெளிநாட்டில இருந்து வாறவைக்கு நாள் வாடகைக்கு விடப்போறன் எண்டு எழுப்பிப்போட்டார். ஏசி பூட்டினார். மெத்தைக் காசு இன்னும் தரேல்லை. பதினொரு மாசம் வருசத்தில பூட்டித்தான் கிடக்குது அந்த வீடு, பெருக்கிறதுக்குக்கூட ஆளில்லை. இதை ஆரும் படம் எடுக்கிறேல்லை.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறினாப் பிறகு வாங்கோ, இருபத்தைஞ்சு நாளும் ஊர் முழிச்சிருக்கும். வரேக்க மைக் நல்லதாக் கொண்டு வாங்கோ. போனமுறை வந்தவையிட்டக் கமெரா நாலு, மைக் ஒண்டு.