நிற்காமல் ஓடும் ‘வணக்கம்’

கேள்வி: லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு, படித்தால் ‘வணக்கம்’ என்று தரும் ஒரு சிறிய மாட்யூல் (கேரக்டர் டிவைஸ் டிரைவர்) எழுதினேன். மாட்யூலை ஏற்றும் இன்ஸ்மாட் கட்டளை கொடுத்ததும் ஏறிவிட்டது. ஆனால் ‘கேட்’ கட்டளையால் படித்தால் ‘வணக்கம்’ திரை முழுக்க நிற்காமல் ஓடுகிறது. அது ஓடும்போது மாட்யூலை இறக்கும் ஆர்எம்மாட் கொடுத்தால், மாட்யூல் பயன்பாட்டில் இருப்பதாக மறுக்கிறது. எங்கே தவறு?
– பொறியியல் மாணவி, நாகர்கோவில்

பதில்: யாராவது படிக்கும்போது கெர்னல் அழைக்கும் உங்கள் ரீட் ஃபங்ஷனில்தான். ‘கேட்’ ஒரு தடவை படித்து ஓய்ந்துவிடாது. ‘இனி ஒன்றுமில்லை’ என்று பொருள்படும் பூஜ்ஜியம் திரும்பி வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒவ்வொரு முறையும் ‘வணக்கம்’ என்பதன் பைட் நீளமான 21 என்றே அனுப்புகிறீர்கள். (நமக்கு ‘வணக்கம்’ ஐந்தெழுத்து. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஏழு குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட். நீளத்தை 5 என்று எழுதினால் ‘வ’ மட்டும் முழுசாக வரும், ‘ண’ பாதியில் உடையும்.) ரீட் ஃபங்ஷனுக்கு நான்காவது அளவுருவாக வரும் ஆஃப்செட்டை, அதாவது எதுவரை படித்தாயிற்று என்ற கணக்கைப் பாருங்கள். அது 21ஐ எட்டியிருந்தால் 0 அனுப்புங்கள். இல்லையேல், கெர்னலிலிருந்து பயனர் நிரலுக்கு நகலெடுக்கும் காப்பி_டு_யூசர் வழியாகத் தரவைக் கொடுத்து, கொடுத்த அளவை ஆஃப்செட்டில் கூட்டுங்கள். இத்தனையையும் சிம்பிள்_ரீட்_ஃப்ரம்_பஃபர் என்ற கெர்னல் ஃபங்ஷன் ஒரே வரியில் செய்யும்; ஆனாலும் முதல் தடவை கையால் எழுதிப் பாருங்கள், அப்போதுதான் மனத்தில் நிற்கும்.

ஆர்எம்மாட் மறுப்பது கெர்னலின் நல்ல குணம். ‘கேட்’ இன்னும் உங்கள் டிவைஸ் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது. கண்ட்ரோல்-சி அழுத்திவிட்டுக் கொடுங்கள், இறங்கிவிடும்.

சோதனையைக் கியூஇஎம்யூ மெய்நிகர் கணினியில் செய்யுங்கள். நினைவக முகவரியைக் காட்டும் ஒரே ஒரு தவறான பாயின்ட்டரால் என் கணினி உறைந்து, சேமிக்காத ஒரு மாலை வேலை முழுதும் போனது. உங்களுக்கு அது நேர வேண்டாம்.