பைக்கின் பின் ஷாக் அப்சார்பர் பழுதுபார்த்த பிறகும் ஏன் அடிக்கடி ஆயில் கசிகிறது?

ஷாக் அப்சார்பர் என்பது வெளியே ஸ்பிரிங், உள்ளே எண்ணெய்க் குழாய். பள்ளத்தில் விழும் அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது. அது ஓயாமல் துள்ளாதபடி எண்ணெய் அடக்குகிறது. வங்கிக் கண்ணாடிக் கதவின் மேல் பொருத்திய மூடுகருவியும் இப்படித்தான்: எண்ணெய் சிறு துளை வழியே மெல்ல நகர்வதால் கதவு மெதுவாக மூடுகிறது, எண்ணெய் வடிந்துவிட்டால் படாரென்று அறைகிறது.

எண்ணெயைக் காப்பது ஒரு ரப்பர் சீல். சீலை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் பலர் செய்யும் தவறு. கழற்றியதும் உள்ளே போய்வரும் இரும்புத் தண்டைத் துடைத்து, நகத்தால் வருடிப் பாருங்கள். துருப்புள்ளியிலோ கீறலிலோ நகம் தட்டினால், புதுச் சீலையும் அது அரம்போல அறுத்துவிடும். தண்டு வளைந்திருந்தாலும், ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) சுழலும் இடத்திலுள்ள புஷ் தேய்ந்து சக்கரம் பக்கவாட்டில் ஆடினாலும் சீல் ஒரு பக்கமாகத் தேயும். அளவுக்கு மீறிய சுமையும் காரணம்தான்.

சாதாரண பைக்குகளில் வருபவை பெரும்பாலும் திறக்க முடியாதவை. இடது, வலது இரண்டையும் ஜோடியாக மாற்றுவதே நல்லது. பிரித்துச் செய்யும் வகை என்றால் சீல், எண்ணெய், தேவைப்பட்டால் தண்டுக்குக் குரோம் பூச்சு. வாயு அடைத்தவற்றை வீட்டில் திறக்கவே வேண்டாம், உள்ளே அழுத்தம் மிக அதிகம்.

ஸ்பிரிங்கை இறுக்கினால் துள்ளல் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது பைக்கின் பின்பகுதி உட்காரும் உயரத்தைத்தான் மாற்றும். போன எண்ணெயின் வேலையைச் செய்யாது.