குமுளியில் வாங்கிய இஞ்சி எண்ணெயில் காரமே இல்லையே?

கேள்வி: அக்கா, ஏலக்காய் வாங்க குமுளிக்குப் போனபோது கடைக்காரர் 10 மில்லி இஞ்சி எண்ணெய் பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தார். அம்மாவின் முழங்கால் வலிக்குத் தேய்க்கலாம், வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடித்தால் செரிமானத்துக்கும் நல்லது என்றார். வீட்டுக்கு வந்து நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தேன். வாசனை இருக்கிறது, காரம் இல்லை. கலப்படமா? தலைமுடிக்கும் தேய்க்கலாமா?
- வாசகி, கம்பம்

பதில்: காரம் இல்லாததை மட்டும் வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது தங்கச்சி. குமுளிப் பக்கம் எண்ணெய் வடிக்கிற இடத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். சுக்கைக் கொரகொரப்பாகப் பொடித்துப் பெரிய கலத்தில் நிரப்பி, அடியிலிருந்து நீராவி விடுவோம். ஆவியோடு ஏறி வருவது மணம்தான். குளிர்ந்ததும் அது தண்ணீருக்கு மேல் இளமஞ்சளாக மிதக்கும். 100 கிலோ சுக்குக்கு 2 கிலோ எண்ணெய், முன்னே பின்னே கிடைக்கும். அந்த எண்ணெயில் பொதுவாக அதிகமாக இருப்பது ஜிஞ்சிபெரீன் என்ற மணப்பொருள். காரம் தருகிற ஜிஞ்சரால், சுக்கில் கூடுதலாக உள்ள ஷோகால் என்ற பொருள்கள் எளிதில் ஆவியாகாதவை. அவை சக்கையிலேயே தங்கிவிடும். கரைப்பான் ஊற்றி எடுக்கிற ஓலியோரெசின் என்ற கெட்டியான சாற்றில்தான் அந்தக் காரம் வரும்.

இதைத் தெரிந்துகொண்டால் குடிக்கலாமா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். குடிக்க வேண்டாம். வயிற்றுக்கு நாம் நம்புகிற இஞ்சியின் காரச்சத்து அந்தப் பாட்டிலில் இல்லை. இருப்பது சுக்கின் மணத்தை மட்டும் செறிவாக அடக்கிய சரக்கு. அது வாயையும் வயிற்றையும் எரிக்கக்கூடும். அம்மாவுக்குச் செரிமானம் சரியில்லை என்றால் சுக்குக் காபி போட்டுக் கொடுங்கள், துவையல் அரையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், இஞ்சியைத் தினமும் அதிகமாகச் சேர்க்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முழங்காலுக்குத் தேய்க்கலாம். ஆனால் அப்படியே தேய்க்கக் கூடாது. இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் நான்கு சொட்டு போதும். முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ விட்டுவிடுங்கள். ஹாங்காங்கில் முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கு இஞ்சி, ஆரஞ்சு எண்ணெய்களைக் கலந்து மசாஜ் செய்து பார்த்தார்கள். முதல் வாரம் வலி குறைந்தது, நான்காவது வாரத்தில் அந்தப் பலன் நிற்கவில்லை. அதனால் இதமாக இருக்கும் என்றுதான் நான் சொல்வேன், தேய்மானம் சரியாகும் என்று சொல்ல மாட்டேன். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் தேய்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கலப்படமா என்று பார்க்க வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். பிசுபிசுவென்று பெரிய எண்ணெய்க் கறை அப்படியே இருந்தால், வேறு எண்ணெய் கலந்திருக்கிறது, அல்லது இஞ்சி போட்டுக் காய்ச்சிய தைலம். தைலம் கெட்ட பொருள் இல்லை. ஆனால் அதை வடித்த எண்ணெய் விலைக்கு விற்பது அநியாயம். குமுளிக்கு வருகிறவர்களிடம் இப்படி விற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. லேபிளில் ஜிஞ்சிபர் அஃபிசினேல் என்ற தாவரப் பெயரும் நீராவியில் வடித்தது என்ற குறிப்பும் இருக்கிறதா பாருங்கள்.

தலைமுடி வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை, அதற்காகச் செலவழிக்காதீர்கள்.

லோயர் கேம்ப்பிலிருந்து மலை ஏறும்போது பஸ்ஸில் குமட்டுகிறவர்கள் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்து பார்க்கலாம். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. கைக்குழந்தையை மடியில் வைத்திருக்கும்போது வேண்டாம். பாட்டிலை இறுக மூடி, வெயில் படாத அலமாரியில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.