ஹாலோவீன் பாட்டில் ஆங்கிலம் ஒட்டுமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் மாலை டியூஷன் எடுக்கிறேன். 6 முதல் 8 வயதுப் பிள்ளைகள் 18 பேர். செல்போனில் ஹாலோவீன் பாட்டுப் போட்டால் துள்ளிக் குதிக்கிறார்கள். ஆனால் இரண்டு வாரமாகியும் ஒரு சொல்கூட மனதில் நிற்கவில்லை. 'பேய்ப் பாட்டு எதுக்கு டீச்சர்?' என்று பெற்றோரும் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: பாட்டு இருக்கட்டும், பேய்தான் வேண்டாம்.

ஹாலோவீன் அக்டோபர் 31 இரவு. மறுநாள் நவம்பர் 1 புனிதர் அனைவர் பெருவிழா. அதற்கு முந்தைய இரவு என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். உங்கள் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களிடம் இதைச் சொன்னாலே பாதி சந்தேகம் தீரும். மற்றவர்களிடம், வேடம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று சொல்லுங்கள்.

எலும்புக்கூடு, கல்லறை, ஆவி வரும் பாட்டுகளை ஒதுக்கிவிடுங்கள். கடலுக்குப் போன அப்பா திரும்பாத வீட்டுப் பிள்ளை அந்த 18 பேரில் இருக்கலாம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியையும் பேய்க்கதைக்கு இழுக்க வேண்டாம். விளக்கை அணைப்பதும் கூடாது. பயந்த பிள்ளை வாயைத் திறக்காது.

சொல் நிற்காததற்குக் காரணம், பிள்ளைகள் மெட்டைப் பிடிக்கிறார்கள், சொல்லைப் பிரித்துக் கேட்பதில்லை. ஒன்றரை நிமிடத்துக்குள் முடிகிற, ஒரே அடி திரும்பத் திரும்ப வருகிற பாட்டாக எடுங்கள். புதுச் சொல் ஆறுக்கு மேல் வேண்டாம்: பேட் (வௌவால்), கேட் (பூனை), மூன், மாஸ்க், ஸ்பைடர், ஔல் (ஆந்தை). யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்குங்கள். முதல் நாள் யாரும் பாட வேண்டாம். ஒரு படத்துக்கு மூன்று பேர் வீதம் அட்டை கொடுங்கள். தங்கள் சொல் வந்ததும் அந்த மூவர் எழுந்து அட்டையைத் தூக்க வேண்டும். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, வரிசையை மாற்றி நீங்களே வாயால் சொல்லுங்கள். அப்போதும் சரியாக எழுந்தால்தான் சொல் பதிந்திருக்கிறது. மறுநாள் மூன்று மூன்று பேராகப் பாட விடுங்கள். கூட்டமாகப் பாடும்போது வாயை மட்டும் அசைக்கும் பிள்ளை தப்பித்துவிடும்.

உச்சரிப்பில் இரண்டு இடத்தில் காது கொடுங்கள். 'பேட்டு', 'கேட்டு' என்று கடைசியில் உகரம் ஒட்டிக்கொள்ளும். 'ட்' வந்ததும் உள்ளங்கையை மூடுகிற சைகை வைத்தால் சொல் அங்கேயே நிற்கும். 'ஸ்பைடர்' பலருக்கு 'இஸ்பைடர்' ஆகும். முதலில் பாம்பு மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டச் சொல்லி, மூச்சு விடாமல் 'பைடர்' சேர்க்கச் சொல்லுங்கள். திட்டாதீர்கள், சொல்லின் முன்னும் பின்னும் உயிர் சேர்த்துக்கொள்வது தமிழ் வாயின் பழக்கம்.

மூன்றாம் நாள் கதவு தட்டும் விளையாட்டு. பேச்சு வருவது இதில்தான். நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். வாசலில் பழைய சேலையைக் கட்டுங்கள். உள்ளே ஒரு பிள்ளை, கையில் கடலை மிட்டாய்த் தட்டு. வெளியே மூன்று பேர், முகமூடியோடு.

'நாக், நாக்!'
'ஹூஸ் தேர்?'
'எ பேட்!'
'ஹியர் யூ ஆர்.'
'தேங்க் யூ!'

ஔல் முகமூடிக்காரர் 'அன் ஔல்' என்று சொல்ல வேண்டும். 'எ', 'அன்' போலக் கட்டாயமாக முன்னால் வரும் சொல் தமிழில் இல்லாததால் முதலில் விட்டுவிடுவார்கள். சொல்லாவிட்டால் சேலை விலகாது என்று விதி வையுங்கள். இரண்டே சுற்றில் வந்துவிடும். ஹாலோவீனில் மிட்டாய் கேட்கச் சொல்லும் 'ட்ரிக் ஆர் ட்ரீட்' அன்றைய நாளைத் தாண்டி உதவாது. அதைவிட 'கேன் ஐ ஹாவ் ஒன், ப்ளீஸ்?' சொல்லிக் கொடுங்கள்; எந்தக் கடையிலும் கேட்கலாம்.

முகமூடி மூக்கோடு நிற்கட்டும். வாயை மூடினால் குரல் அமுங்கும், உதட்டசைவும் உங்களுக்குத் தெரியாது. காகிதத் தட்டைப் பாதியாக வெட்டி, இரு கண் துளைகளின் நடுவுக்கு நடு 5 செ.மீ. விட்டு, ஓரத்தில் ஐஸ் குச்சி ஒட்டினால் போதும். ஈர்க்குச்சி வேண்டாம், கண்ணில் குத்தும்.

ஆந்தை அலறினால் ஆகாது என்று வீட்டில் கேட்டிருக்கும் பிள்ளை அந்த அட்டையைத் தொடத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். 'அன் எக்' என்று முட்டைப் படம் கொடுங்கள், இலக்கணம் ஒன்றுதான்.