நூல் காசு

அன்புள்ள அக்கா,

பண்ணைக்காட்டிலிருந்து எழுதுகிறேன். வீடியோ பார்த்து குரோஷே, அதுதான் கொக்கி ஊசியால் நூல் பின்னுவது, கற்றுக்கொண்டிருக்கிறேன். செயின், சிங்கிள், டபிள் என்கிற தையல் எல்லாம் வந்துவிட்டது. பாபிள் மட்டும் வரமாட்டேன் என்கிறது. வீடியோவில் குண்டு குண்டாக எழும்பி நிற்கிறது. எனக்குத் தட்டையாகப் படுத்துக்கொள்கிறது; கொஞ்சம் எழும்பினாலும் பின்பக்கம் போய்விடுகிறது. ஊசியை மாற்ற வேண்டுமா? எந்தக் கம்பெனி நூல் நல்லது? என்னிடம் கருநீல உல்லன்தான் இருக்கிறது. குரோஷே நம் நாட்டுக் கலையா, வெளியிலிருந்து வந்ததா? என் நாத்தனார் குழந்தைக்கு பாபிள் வைத்த போர்வை கேட்டிருக்கிறார். நூல் காசு கொடுத்துவிடுகிறேன் என்றார். 80 வரிசை வரும். ஒரு வரிசைக்கு அரை மணி நேரம் ஆகிறது. டைம் பாஸ்தானே என்று சரி சொல்லிவிட்டேன். உங்களிடம் போய் இதைக் கேட்பதற்கு மன்னிக்கவும்.

ச.

அன்புள்ள ச.,

மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். என் கதையின் முடிவு புரியவில்லை என்று எழுதுகிறவர்கள் யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்பதில்லை.

ஊசியை மாற்ற வேண்டாம். 4 மி.மீ. ஊசி எதுவானாலும் போதும். எந்தக் கம்பெனி நூல் என்பதெல்லாம் கடைக்காரர் கவலை. ஆனால் கருநீலத்தை உள்ளே வையுங்கள். சாயங்கால வெளிச்சத்தில், அதுவும் நம் ஊர் மூடுபனியில், கருநீலத்தில் கண்ணி எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. கற்றுக்கொள்கிறவரை வெளிர் நிறம் வாங்குங்கள். நம் நாட்டுக் கலையா என்ற கேள்விக்குப் பதில் சொல்லப்போவதில்லை. உங்கள் கை செய்கிறது, அது போதும்.

கடிதம் வந்தபோது மேசையில் கால்டுவெல் குறிப்புகள் பரப்பிக் கிடந்தன. ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கொடைக்கானலில் குடியிருந்துகொண்டு அவரைத் தவிர்க்க முடியாது. 1891 ஆகஸ்டில் அவர் இறந்தது இங்கேதான். திருநெல்வேலிப் பக்கம் அவர் ஊழியம் செய்த இடையன்குடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். 1856இல் வந்த அவருடைய ஒப்பிலக்கணத்தைப் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேச ஆள் இருக்கிறது. அந்த வீட்டிலேயே எலைசா என்று ஒருவர் இருந்தார், கால்டுவெல்லின் மனைவி. இடையன்குடிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். அவருடைய அம்மா மார்த்தா மால்ட் அதற்கு முன்பே நாகர்கோவிலில் லேஸ் பள்ளி நடத்தினார். அங்கே அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் லேஸ் பின்னிய காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. (அது உங்கள் கொக்கி வேலை இல்லை. திண்டின் மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது.) இலக்கணத்துக்கு மேடை இருக்கிறது. லேஸுக்கு, நன்றியுரைக்கு முன்னால் கிடைத்தால் ஒரு வரி. இந்த எரிச்சலில் உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கள் ‘டைம் பாஸ்தானே’ வந்து விழுந்தது.

கொக்கி வேலைக்கே வருகிறேன். ஆந்திராவில் கோதாவரிக் கரையோரம் நரசாபூர். அங்கே வீட்டுக்கு வீடு குரோஷே லேஸ் பின்னி, அது வெளிநாடுகளுக்குக் கப்பலேறியது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அந்தப் பெண்களிடையே ஆய்வு செய்து 1982இல் புத்தகமாக எழுதினார். அதைப் படித்தால் வயிறு எரியும். வாங்கி விற்றவர் வியாபாரி, கப்பலில் ஏற்றியவர் ஏற்றுமதியாளர், பின்னியவள் மட்டும் வீட்டில் சும்மா இருக்கிறவள். ஓய்வு நேரத்தில் செய்கிற வேலைக்கு எதற்குக் கூலி என்று ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண்களையும் நம்ப வைத்திருக்கிறார்கள். அதுதான் கெட்டிக்காரத்தனம்.

நரசாபூர்வரை போவானேன்? இங்கே நாயுடுபுரத்தில் என் அத்தை வீட்டிலேயே நடந்தது. அத்தை தலையணை உறைக்கு ஓரம் பின்னுவார். கஞ்சி போட்டு, பழைய கம்பளி மேல் குண்டூசி குத்தி விறைப்பாகக் காயவைப்பார். சீசனுக்கு முன்னால் ஒரு அம்மாள் வந்து வாங்கிப்போவார், கெஜக் கணக்கில். அவர் இஞ்ச் டேப் பிடிக்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாங்கும்போது லேஸைத் தரையில் தளர விட்டு, சுருக்கம் சுருக்கமாகவே அளப்பார். அதே லேஸை டூரிஸ்டுகளுக்கு விற்கும்போது இழுத்துப் பிடித்து அளப்பார் என்று ஊருக்கே தெரியும். அத்தைக்கும் தெரியும். காலண்டர் தாளின் பின்பக்கம் அவர் எழுதிவைத்த கணக்கில் நூல் உருண்டையின் விலை இருக்கும், மேலே கொஞ்சம் சில்லறை இருக்கும். கைக்கூலி என்று ஒரு வரி இருக்கவே இருக்காது. ‘அவளுக்கு அது ஒரு பொழுதுபோக்கு’ என்பார் மாமா. பிள்ளைகளின் பள்ளிக்கூட ஃபீஸ் பாதி அந்தப் பொழுதுபோக்கில்தான் போயிற்று.

இன்னொன்று. ஸ்வெட்டரை எந்திரம் பின்னும். ஏரிக்கரைக் கடைகளில் தொங்குவதில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான். குரோஷேயை அப்படி ஆலையில் பின்னித் தள்ளுகிற எந்திரம் கிடையாது. குரோஷே மாதிரித் தெரிகிற துணியைப் பின்னும், அவ்வளவுதான். உண்மையான குரோஷே குல்லாய் ஒன்று 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் யாரோ ஒரு பெண் அதை உட்கார்ந்து கையால் போட்டிருக்கிறாள். அவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கணக்குப் பாருங்கள்.

சரி, உங்கள் கணக்கையே பார்ப்போம். 80 வரிசை, வரிசைக்கு அரை மணி, ஆக 40 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி வேலை என்றால் ஐந்து முழு நாள். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2024-25இல் அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். அதுவே போதாது என்று எல்லோரும் சொல்கிறோம். அதன்படி வைத்தால்கூட 1,595 ரூபாய், நூல் தனி. பாபிள் சாதாரண வரிசையைவிட நூலையும் கூடுதலாகத் தின்னும், நேரத்தையும் தின்னும். அதை நான் சேர்க்கவில்லை. பிரித்துப் போடுகிற நேரத்தையும் சேர்க்கவில்லை.

உங்கள் நாத்தனார் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நூல் காசு தருகிறேன் என்றாரே, அதைக்கூடச் சொல்லாதவர்கள் உண்டு. கோபம் உங்கள் மேல்தான். தாயே, நாத்தனார் பிள்ளைக்கு ஆசையாகச் செய்கிறீர்கள் என்றால் சீர்வரிசையாகவே கொடுத்துவிடுங்கள், நூல் காசையும் வாங்காதீர்கள். நூல் காசை வாங்கிய நிமிடம் நீங்கள் வியாபாரத்துக்கு வந்துவிட்டீர்கள். அதில் நூல்காரருக்குப் பணம் உண்டு, பஸ்ஸில் பார்சல் போட்டால் அவர்களுக்கும் பணம் உண்டு, உங்களுக்கு மட்டும் இல்லை. அடுத்த மாதம் நாத்தனாரின் தோழி கேட்பார், அதே விலைக்கு. அதற்கடுத்த மாதம் பண்ணைக்காட்டில் காசுக்குப் பின்னுகிற இன்னொரு பெண்ணிடம், ‘அவங்க நூல் காசுக்கே போட்டுத் தர்றாங்களே’ என்பார்கள். உங்கள் டைம் பாஸ் அவள் வயிற்றில் அடிக்கும்.

பாபிளை மறந்தே போனேன். உங்களுக்கு அது படுத்துக்கொள்வதற்குக் காரணம் பக்கத்தில் இருக்கிற தையல். இரண்டு பக்கமும் டபிள் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே கண்ணிக்குள் ஐந்து டபிளை முடிக்காமல் நிறுத்திவைத்தால் ஊசியில் ஆறு வளையம் நிற்கும். நூலைச் சுற்றி ஆறுக்குள்ளும் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். அதற்கு இரு பக்கமும் டபிளைவிடக் குட்டையான சிங்கிள்தான் இருக்க வேண்டும். இரண்டு சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தால் நெட்டை ஆள் வளைந்துதானே ஆக வேண்டும்? அந்த வளைவுதான் குண்டு. பக்கத்தில் இருப்பதும் நெட்டை என்றால் அது ஏன் வளைகிறது?

பின்பக்கம் போவது தப்பே இல்லை. பாபிள் எப்போதும் உங்களைவிட்டு விலகி, அந்தப் பக்கமாகத்தான் எழும்பும். அதனால் துணியின் பின்பக்கம் உங்களைப் பார்த்திருக்கிற வரிசையில் மட்டும் பாபிள் போடுங்கள். திருப்பிய அடுத்த வரிசை வெறும் சிங்கிள். எல்லா வரிசையிலும் போட்டால் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் நிற்கும். போட்டு முடித்ததும் சுட்டுவிரலால் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளுங்கள். (நான் சொல்வதெல்லாம் அமெரிக்கப் பெயர். பழைய இங்கிலாந்துப் புத்தகம் கையில் கிடைத்தால் அதில் டபிள் என்றிருப்பது உங்கள் சிங்கிள்.)

போர்வையைத் தொடங்குவதற்கு முன்னால் நாத்தனாரிடம் பேசிவிடுங்கள். வாய் வரவில்லை என்றால் இந்தப் பதிலை அவருக்கு அனுப்பிவிடுங்கள். கோபம் என் பக்கம் வரட்டும். எனக்கு நாத்தனார் மூன்று பேர், பழக்கம்தான்.

அன்புடன்,
அக்கா